சாய்ந்து தொங்கிய ஹெல்மெட்

18 நவம்பர் 2024, திங்கள்

காலையிலிருந்து கடலோடு மல்லுக்கட்டு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டிய அரியலூரில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ அலையில் ஆடும் படகுகளின் வீடியோவை நிமிர்த்திக் கொடுப்பது என் பிழைப்பு. என்ன வேலை என்று யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்துவிடுகிறேன். விளக்க ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வருகிறது.

விஷயம் சின்னதுதான். படகில் பொருத்திய கேமரா படகோடு சேர்ந்து ஆடும். பார்க்கிறவனுக்குக் குமட்டும். எங்கள் சாப்ட்வேர் வீடியோவின் ஒவ்வொரு படத்திலும் அடிவானம் எங்கே என்று கண்டுபிடித்து, அந்தக் கோடு மட்டமாக நிற்கும்படி படத்தைத் திருப்பும். திருப்பும்போது ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும். அவ்வளவுதான்.

இன்று ஒரு கோளாறு கண்ணில் பட்டது. மழையில் எடுத்த வீடியோவில் தூரத்து அடிவானம் மங்கிப்போகிறது. உடனே இது பக்கத்து அலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதுதான் அடிவானம் என்கிறது. தப்பான கோட்டை மட்டமாக்கி, படமும் ஆடாமல் அழகாக ஓடுகிறது! சென்னை ஆபீஸிலிருந்து பிரசாத் சார், மழையில் யார் படகை எடுக்கப் போகிறார்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தம்பி அறிவு கூப்பிட்டான். வளைகுடாவில், எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிற படகில் இருக்கிறான். "நீ ரூம்ல உக்காந்து கடல நிமித்துற, நான் கடல்ல உக்காந்து வாந்தி எடுக்குறேன். நல்ல குடும்பம்க்கா" என்றான்.

3 டிசம்பர், செவ்வாய்

அறிவு இந்த முறையும் வரவில்லையாம். இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். அவன் மகள் ஓவியாவுக்குக் காதுகுத்து மூன்றாம் முறையாகத் தள்ளிப்போகிறது. அவன் மனைவி புவனா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாமே கருகின. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் கண்ணைக் காட்டி அடக்கினேன்.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். அறிவுக்குப் போனில் பானையைக் காட்டினோம். பொங்குவதற்குள் சிக்னல் போய்விட்டது.

25 ஜனவரி, சனி

அறிவைக் காணவில்லை என்கிறார்கள்.

காணவில்லை என்றால் என்ன அர்த்தம்? படகில் எங்கே காணாமல் போவான்? அது என்ன, சந்தையா?

29 ஜனவரி, புதன்

கடலில் விழுந்துவிட்டானாம். வெள்ளிக்கிழமை காலை, காற்றும் மழையுமாக இருக்கும்போது. கம்பெனியிலிருந்து பேசியவன் இங்கிலீஷில் மிக மரியாதையாகப் பேசினான். தேடுகிறோம் மேடம், தேடுகிறோம் மேடம். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் "தேடுறாங்களாம்மா" என்றேன்.

6 பிப்ரவரி, வியாழன்

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை.

சொந்தக்காரர்கள் வருகிறார்கள், எப்படித் துக்கம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கருமாதி பற்றி ஒருவர் பேச்செடுத்தார். அம்மா எழுந்துவிட்டாள். எடுத்துப் புதைக்கிறதுக்கு ஒன்றும் இல்லாமல் எதுக்குக் கருமாதி, எம் புள்ள எங்கேயாவது கரையேறிக் கிடப்பான் என்றாள். அவன் படத்துக்கு மாலை போடக் கூடாது. புவனா கழுத்தில் தாலி அப்படியே இருக்கிறது. பூ வைத்துக்கொள்ளவா வேண்டாமா என்று அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

கிணற்றடியில் புவனா என்னிடம் மட்டும் சொன்னாள். அவன் விழுந்ததற்கு முந்தின நாள் போனில் சண்டையாம். காதுகுத்துக்கும் வரமாட்ட, நல்லது கெட்டதுக்கும் வரமாட்ட, இனிமே வரவே வராத, அங்கேயே கெட என்று சொல்லி வைத்துவிட்டாளாம். "திருப்பி போன் அடிச்சாரு அண்ணி. நான் எடுக்கல" என்றாள். அப்படியெல்லாம் எதுவும் இருக்காது என்றேன். வேறென்ன சொல்ல?

16 பிப்ரவரி, ஞாயிறு

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஹபிபுல்லா வந்திருந்தார். அறிவோடு ஒரே படகில் இருந்தவர், லீவில் வந்திருக்கிறார். ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை அம்மா பக்கத்தில் வைத்தார். சம்பவத்தின்போது அவர் கீழே இன்ஜின் அறையில் இருந்தாராம். எதையும் பார்க்கவில்லை. ஆனால் கம்பெனி அறிக்கையை வாசித்துக் காட்டினார்களாம்: அறிவு செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, தானாகவே நடந்து படகோரக் கம்பி வரை போய், கடலுக்குள் போய்விட்டான் என்று.

"நான் நம்பலக்கா. அல்லா மேல ஆணையா அறிவு அப்புடிப்பட்டவன் இல்ல" என்றார். படகின் மேல்தளத்தில் இருந்த கேமராவில் பதிவானதை யாருக்கும் தெரியாமல் பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒரே மழை, ஒரே ஆட்டம், ஒன்றும் விளங்கவில்லை, உங்க வேலைதானே இது, நீங்க பாருங்க என்று என் கையில் கொடுத்தார்.

அம்மாவும் புவனாவும் அந்தப் பென்டிரைவையே பார்த்தார்கள். அதற்குள் அறிவு இருக்கிற மாதிரி.

18 பிப்ரவரி, செவ்வாய்

பார்த்தேன்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. மழை, நுரை, இன்ஜின் நடுக்கம். பிறகு நம் சாப்ட்வேரில் போட்டேன். ஆட்டம் அடங்கி வந்தது. தளம் கிட்டத்தட்ட மட்டமாக இருக்கிறது. அறிவு ஆரஞ்சு மழைக்கோட்டோடு ஒரு கயிற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். கயிற்றை விடுகிறான். வேகமாக இடது பக்கம் போகிறான். கம்பியில் ஒரு கை. அவ்வளவுதான், ஆள் இல்லை.

யாரும் தள்ளவில்லை. எதுவும் மோதவில்லை. தானாகத்தான் போகிறான்.

எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் போகிறான். டேய், நில்லுடா. ஒரு தடவ நில்லேன்டா.

பின்னால் வந்து நின்றிருக்கிறார்கள் இரண்டு பேரும். எனக்குத் தெரியவில்லை. அம்மா, என்ன தெரியுது ஜோதி என்றாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "அவனாத்தாம்மா நடந்து போறான்" என்றேன்.

அம்மா அழவில்லை. புவனா பக்கம் திரும்பினாள். "எம் புள்ள நடந்து போனான்னா, அவன நடக்க வச்சது யாரு? சொல்லு. நீதான் அங்கேயே கெடன்ன." கிணற்றடியில் சொன்னதை அம்மா எப்படிக் கேட்டாள் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாயவன் சம்சாரம்கூட வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

19 பிப்ரவரி, புதன்

புவனா ஓவியாவைத் தூக்கிக்கொண்டு திருமானூருக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஓவியா மட்டும் அத்தை டாட்டா என்றது.

27 பிப்ரவரி, வியாழன்

வேலைக்கு உட்கார்ந்தேன். திரையில் படகு வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். லீவு சொல்லிவிட்டேன்.

புவனாவின் அம்மா போனில் பேசினார். சரியாகச் சாப்பிடுவதில்லையாம். பிள்ளையைக் குளிப்பாட்டுவதுகூட இல்லையாம். நாந்தான் அனுப்பிச்சேன், நாந்தான் அனுப்பிச்சேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். கொள்ளிடக் கரைப்பக்கம் போகவிடாமல் ஆள் மாற்றி ஆள் கூடவே இருக்கிறார்களாம்.

11 மார்ச், செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் பெரம்பலூர் போனேன். பஸ்ஸில் கூட்டம். எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வந்தது. அவன் எங்கே ஒதுங்குவான், எங்கள் டிரைவர்தான் இடது பக்கம் மண்ணில் இறக்கினார். பஸ் அப்படியே சாய்ந்து நின்றது. நின்றிருந்த காலேஜ் பெண்கள் நாலைந்து பேர் தடதடவென்று படிக்கட்டுப் பக்கம் போய் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். கண்டக்டர் கிண்டலாக, "ஸ்டாப்பே வரல, அதுக்குள்ள எங்கம்மா நடக்குறீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போனேன்.

யாரும் நடக்கவில்லை. பஸ் சாய்ந்தது, அவர்கள் சரிந்தார்கள். பஸ்ஸுக்கு உள்ளே பார்த்தால் தரை தரையாகத்தான் இருக்கிறது, சீட்டு சீட்டாகத்தான் இருக்கிறது. டிரைவர் முன்னால் தொங்கிய பூச்சரம் மட்டும் படிக்கட்டுப் பக்கம் சாய்ந்து தொங்கியது.

அந்தக் கேமராவும் படகிலேயே பொருத்தியதுதான். படகு எவ்வளவு சாய்ந்தாலும் படத்தில் தளம் நேராகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாதா? இதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்?

மாத்திரை வாங்கினேனா என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். வாங்கவில்லை.

12 மார்ச், புதன்

நவம்பரில் பார்த்த அதே கோளாறு. மழையில் அடிவானம் மறைந்ததும், சாப்ட்வேர் பக்கத்து அலையின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. படகு அந்த அலையின் சரிவில் சாய்ந்து கிடக்கிறது. அலையும் சாய்வு, படகும் அதே சாய்வு. அலையை மட்டமென்று வைத்தால் தளமும் மட்டமாகத்தான் தெரியும். அந்தப் பொய்யான மட்டத்தில்தான் என் தம்பியை நடக்க விட்டேன்.

அன்றைக்கு நான் கோட்டைச் சரிபார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹபிபுல்லா கொடுத்த பழைய வீடியோவை, எதையும் திருப்பாமல், ஓரம் வெட்டாமல் போட்டேன். வலது ஓரத்தில், கேபின் சுவரில் ஒரு கொக்கி. அதில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் வாரில் தொங்குகிறது. நான் நிமிர்த்திய படத்தில் அந்த ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அறிவு கயிற்றை விடுகிற நேரத்தில் ஹெல்மெட் சுவரை விட்டு விலகி, அவன் போகிற பக்கமே சாய்ந்து நிற்கிறது. ஏதோ ஒரு கை இழுத்துப் பிடித்த மாதிரி.

மழை கொஞ்சம் விடுகிற படங்களில் உண்மையான அடிவானம் தெரிகிறது, மேலே, பென்சிலால் லேசாகக் கிழித்த மாதிரி. அதைக் கையாலேயே ஒவ்வொன்றாகக் குறித்து மறுபடி திருப்பினேன். தளம் வீட்டுக் கூரை மாதிரி சரிந்து நிற்கிறது. கயிற்றை அவன் விடவில்லை, அது பிடுங்கிக்கொண்டு போகிறது. கால் இரண்டும் வழுக்குகிறது. கம்பியைப் பிடிக்கிறான். பிடித்தான்டா. பிடிச்சிருக்கான். கை நழுவிடுச்சு.

வாழத்தான் பிடித்திருக்கிறான்.

13 மார்ச், வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். பஸ் கதையையும் சொல்லித்தான் புரியவைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். கம்பியில் கை இருக்கிற படத்தை நிறுத்திக் காட்டியபோது திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்புறம் கேட்டாள்: "படத்த நேராக்கிட்ட. நான் அந்தப் புள்ளையச் சொன்ன சொல்ல எதை வச்சுடி நேராக்குறது?"

15 மார்ச், சனி

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு திருமானூர் போனேன். அம்மா வரவில்லை. எந்த முகத்தோடு போவது என்றாள்.

புவனா பாதியாகியிருந்தாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவசரம் எனக்கு. கேட்டதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், தண்ணீர் கேட்பாள், சாப்பிடுவாள் என்று பஸ்ஸிலேயே நினைத்து வைத்திருந்தேன். வீடியோவை ஓட்டினேன். பாதி ஓடும்போதே லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"மொதல்ல நீங்கதான் அண்ணி நடந்து போனாருன்னீங்க. இப்ப நீங்கதான் வழுக்குனாருங்கிறீங்க. ரெண்டும் நீங்க திருப்புன படந்தானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்காகப் பண்ணியிருக்கீங்க. தெரியுது. அவரும் உங்க மாதிரிதான், எதையாவது சொல்லிச் சமாதானம் பண்ணுவாரு."

சத்தியம் செய்தேன். தலையை ஆட்டினாள். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றாள்.

திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். தப்பைச் சொன்னபோது உடனே நம்பினாளே. சரியானதைச் சொல்லும்போது ஏன் என் பேச்சு எடுபடவில்லை? எனக்கே பதில் தெரியும். நான்தான் என் வாயைச் செலவழித்துவிட்டேன்.

20 மார்ச், வியாழன்

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நியாயம். நான் திருப்பிய எதையும் அவள் நம்பத் தேவையில்லை. ஹபிபுல்லாவின் பழைய வீடியோவை, ஒரு புள்ளிகூட மாற்றாமல், அவள் போனுக்கு அனுப்பினேன். கூட ஒரே வரி: அவனைப் பார்க்காதே புவனா, வலது ஓரத்தில் தொங்கும் ஹெல்மெட்டை மட்டும் பார்.

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

2 ஏப்ரல், புதன்

பதில் இல்லை. அம்மா தினமும் கேட்கிறாள், போன் வந்துச்சா என்று. யாரிடமிருந்து என்று சொல்வதில்லை.

9 ஏப்ரல், புதன்

வேலையில் சேர்ந்தேன். பிரசாத் சாரிடம் சொல்லி முதல் வேலையாக அந்தக் கோளாறை எடுத்துக்கொண்டேன். இனி அடிவானம் சரியாகத் தெரியாவிட்டால் சாப்ட்வேர் படத்தைத் திருப்பாது. கோடு தெரியவில்லை என்று திரையிலேயே எழுதிக் காட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார். சுளிக்கட்டும் சார் என்றேன். என் குரலில் என்ன கேட்டதோ, சரி ஜோதி என்றுவிட்டார்.

27 ஏப்ரல், ஞாயிறு

புவனா போன் செய்தாள். "கொள்ளிடக் கரையில அவருக்குக் காரியம் செஞ்சிரலாம் அண்ணி. அத்தையையும் கூட்டிட்டு வாங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். காரியம் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போய் அலமாரியிலிருந்து அறிவின் வேட்டி ஒன்றை எடுத்து மடித்து வைத்தாள்.

4 மே, ஞாயிறு

விடிந்ததும் திருமானூர். புவனா தாலியைத் தானே கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். கிழவிகள் யாரையும் கிட்டே விடவில்லையாம். அறிவின் படம் சுவரில் மாட்டியிருந்தது, இன்னும் மாலை இல்லாமல்.

அதற்குக் கீழே மூலையில் ஒரு மணைப்பலகை கிடந்தது. ஒரு முனையில் ஆணி அடித்துக் குச்சியை நிறுத்தி, அதிலிருந்து நூலில் ஒரு போல்ட் நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. பலகையின் நடுவில் ஓவியாவின் மரப்பாச்சி பொம்மை. என்ன இது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். புவனாவின் அம்மா சொன்னார்: சித்திரை பிறந்ததிலிருந்து இதேதான், பலகையைத் தூக்குவாள், நூல் சாயும், பொம்மை வழுக்கி விழும், மறுபடி எடுத்து வைப்பாள். பிள்ளை விளையாட்டென்று நினைத்துக் கூடச் சேர்ந்துகொண்டதாம். ஒருநாள் போனில் அந்த வீடியோவை ஓடவிட்டு, பலகையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தவள், அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாளாம்.

கரைக்குப் போகும் வழியில் என் பக்கத்தில் நடந்தாள். "வழுக்கித்தான் அண்ணி விழுந்தாரு. பாத்துட்டேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள்: "ஆனா வராதன்னு நான் சொன்னது அவரு காதுல இருந்திருக்கும்ல, அப்ப."

இருந்திருக்கும். இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் திருப்பிக் கூப்பிட்டானே புவனா, கோபமாக இருந்தவன் கூப்பிடுவானா என்று மட்டும் கேட்டேன்.

பங்காளி முறையில் தம்பியான சுரேஷ்குமார் காரியம் செய்தான். புதைக்கவும் எரிக்கவும் ஒன்றும் இல்லாததால் அந்த வேட்டியை ஆற்றில் விட்டோம். தண்ணீர் குறைவு. வேட்டி போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டு நின்றது, பிறகு போயிற்று.

அம்மா காலையிலிருந்து புவனா பக்கம் வரவில்லை. எல்லாருக்கும் பின்னால் தள்ளியே நின்றாள். தலை முழுக இறங்கும்போது கரை சேறு. அம்மாவின் கால் வழுக்கியது. நான் மேலே இருந்தேன், எட்டவில்லை. கீழே நின்ற புவனா திரும்பி இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டாள்.

"சறுக்குது அத்தை. விட்டுராதீங்க" என்றாள்.

அம்மா விடவில்லை. இடுப்பளவு தண்ணீர் வரை அந்தக் கையைப் பிடித்தபடியே போனாள். முழுகி எழுந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தாள். கரையில் ஓவியா என்னிடம் பசிக்குது என்றது. பையிலிருந்த பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்தேன்.